தேரிக்கும் கடலுக்கும் நடுவே படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணப்பாடு, பெரியதாழை, கூடுதாழை, உவரி என்று நீளும் கரையிலும், அதை ஒட்டிய தேரியிலும், அதாவது செம்மணல் மேடுகளிலும், பல வருடமாகப் படமெடுத்து வருகிறேன். கேமராவோடு இந்தப் பக்கம் வர நினைக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும், நான் சொல்லும் பதிலையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

இந்த ஊர்களைத் தீவு மாதிரி என்று ஏன் சொல்கிறார்கள்?

ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. மறு பக்கம் சக்கரம் புதைகிற தேரி மணல். நல்ல சாலை வருவதற்கு முன்னால் இந்தக் கரையூர்களுக்கு உள்நாட்டைவிடக் கடல்தான் பக்கம். மணப்பாட்டின் பெரிய மாடி வீடுகளைப் பார்த்தால் புரியும். இலங்கையோடு நடந்த வியாபாரத்தில் எழுந்தவை அவை. பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இந்தக் கரைக்கு வந்தபோது மணப்பாட்டுக் குகையில் தங்கினார் என்பது ஊரறிந்த செய்தி. அதற்கு மேலே, கடலைப் பார்த்த மணற்பாறை மேட்டில் இருக்கிற திருச்சிலுவைக் கோயில் 1581-ஆம் வருடத்தது. தேரிக்கு உட்பக்கம் பனைத் தொழிலும், கடல் பக்கம் மீன் தொழிலும். இரண்டுக்கும் இடையில் சில கிலோமீட்டர்தான். பேச்சு, சாமி, சாப்பாடு, வேலை நேரம் எல்லாம் அதற்குள் மாறிவிடும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் படமெடுத்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள்.

இந்த ஊர்கள் இன்று தூத்துக்குடி, திருநெல்வேலி என்று இரண்டு மாவட்டத்தில் இருக்கின்றன. 1986-இல் பிரிப்பதற்கு முன்னால் எல்லாமே திருநெல்வேலிதான்.

நிஜமான தீவுகளுக்குப் போய்ப் படமெடுக்க முடியாதா?

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவு அரிப்பில் சுருங்கி, அதைக் காப்பாற்றக் கடலடியில் செயற்கைப் பவளத் திட்டுகளை இறக்க வேண்டி வந்தது. பவளப்பாறைகளை வெட்டி எடுத்த காலத்தின் விலை அது. தீவுகளில் குடியிருப்பு கிடையாது. 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. யாராவது மீனவரிடம் "ஒரு எட்டு கூட்டிப் போங்க அண்ணாச்சி" என்று கெஞ்சிப் போய் இறங்கினால், மாட்டிக்கொள்வது படகுக்காரர்தான். அதைச் செய்யாதீர்கள்.

எந்த மாதத்தில் வரலாம்?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். இங்கே காற்றுதான் நாட்காட்டி. அதைத் தெரிந்துகொண்டால் படம் பாதி முடிந்த மாதிரி.

மாசி, பங்குனியில் பனையில் பாளை சீவத் தொடங்கி ஆடி வரைக்கும் பதநீர் இறங்கும். சித்திரை, வைகாசியில் நுங்கு. இந்த மாதங்களில் உச்சி வெயில் கொடுமையாக இருக்கும். சித்திரை பிறப்பை ஒட்டிச் சில நாட்கள் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும்; நட்டு வைத்த கம்புக்குக்கூட நிழல் விழாது. ஆவணி நடுவில் இன்னொரு தரம் அப்படி வரும். அந்த நேரத்தில் வெளியே எடுக்கிற முகங்களுக்குக் கண்ணே இருக்காது, இரண்டு கறுப்புக் குழிதான் இருக்கும். பத்து மணிக்கு மேல் ஓலைக் கூரைக்கு அடியில் போய்விடுங்கள். அங்கே மணலில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் முகத்துக்குக் கீழிருந்து வரும், அற்புதமாக இருக்கும்.

ஆனி, ஆடியில் மேல்காத்து, அதாவது மேற்குக் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து அடிக்கிற காற்று; காற்றாலைகள் அந்தப் பக்கம் அடர்ந்து நிற்பது அதனால்தான். தேரி நிஜமாகவே நகர்வதை இந்த மாதங்களில் பார்க்கலாம். முதல் நாள் இருந்த கால்தடம் மறுநாள் இருக்காது. மணல் முகட்டில் புகை மாதிரி செந்தூள் பறக்கும். தேரியின் உருவத்தைப் படமெடுக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. கேமராவுக்கு இதைவிடக் கெட்ட காலமும் கிடையாது. அதைக் கீழே சொல்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை வடகிழக்கு மழை. மழை நின்ற மறுநாள் காலையில் தேரிக்குப் போங்கள். ஈரம் ஏறிய செம்மணல் குங்குமத்தைவிடக் கறுத்து நிற்கும், மேலே வெளிறிய மேகம், நடுவில் உடைமரத்தின் தட்டையான குடை. அடிவாரத்துச் சுனைகளில் தண்ணீர் ஏறியிருக்கும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையைப் பார்க்காதவர்கள் இந்த மாதத்தில் பார்க்க வேண்டும். தருவைகள், அதாவது தேரி ஓரத்துப் பரந்த ஆழமில்லாத நீர்நிலைகள், நிறைந்தால் பறவை இறங்கும்.

மார்கழி, தை சுகமான வெயில். பொங்கலுக்குப் பனங்கிழங்கு தோண்டுவார்கள். கடற்கரையில் சூரியன் நேராகக் கடலுக்குள்ளிருந்து எழும். இந்தக் கரை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து ஓடுகிறது. அதனால் மார்கழியில் சூரியன் கடல் பக்கமிருந்து முகத்துக்கு நேரே அடிக்கும், ஆனியில் கரையின் நீளவாட்டில் பக்கவாட்டு வெளிச்சமாக வரும். வலை இழுக்கிறவர்களின் தோள், கயிறு, ஈர மணல் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் ஆனி மாதக் காலை. படகுகள் நிழலுருவாக வேண்டும் என்றால் மார்கழி. இரண்டு படத்தையும் ஒரே மாதத்தில் எதிர்பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்கள் நிறைய.

மாலையில் சூரியன் கரைக்குப் பின்னால், தேரிப் பக்கம் விழும். காலை கடல், மாலை தேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் அந்தி நீளாது. சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தால் ஒன்றும் கிடைக்காதா?

கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். இங்கே பெரும்பாலும் பைபர் வள்ளங்கள், அவை போய்வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது இந்தக் கரையில் பல ஊர்களின் வழக்கம். அன்றைக்குக் கடற்கரையில் வலை பழுதுபார்ப்பார்கள், பையன்கள் பந்து விளையாடுவார்கள், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். குடும்பப் படம் எடுத்துக் கொடுக்க நல்ல நாள் அதுதான்.

என்ன கேமரா வேண்டும்?

கையில் இருப்பது போதும். போனும் போதும், அதில் முகத்தை வெளுப்பாக்கும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். கரையில் நிற்கிறவர்கள் வெயிலில் கறுத்தவர்கள். அவர்கள் நிறத்தை மாற்றி அனுப்புகிற படத்தை நான் படமென்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

லென்ஸ் பற்றி ஒரே வார்த்தை: 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸோடு வாருங்கள். நீளமான ஜூம் இருந்தால் ஆளுக்குப் பக்கத்தில் போகவே தோன்றாது. தூரத்தில் நின்று சுட்டுக்கொண்டு போகிறவரை ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

தேரியின் சிவப்பு என் படத்தில் ஆரஞ்சாகவோ சேறு மாதிரியோ வருகிறது. ஏன்?

தேரி மணல் ஒவ்வொரு துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு படலமாகப் பூசியிருக்கிறது. சிவப்பு அதனால் வருகிறது. படம் முழுக்கச் சிவப்பு நிறைந்தால் கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ், அதாவது நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பு, அதைப் பிழை என்று நினைத்து நீலத்தைச் சேர்த்துச் சரி செய்யப் பார்க்கும். அதை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சம் என்ற அமைப்பில் நிறுத்துங்கள். அடுத்த சிக்கல், சிவப்பு நிறத்தின் அளவு மட்டும் முதலில் எல்லை தாண்டிவிடும். மொத்த ஹிஸ்டோகிராம், அதாவது வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம், நன்றாகத் தெரியும், சிவப்புக்கு உரியது வலது ஓரத்தில் முட்டி நிற்கும். மணலின் வரி வடிவமெல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகப் போய்விடும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் அளவுக்குக் குறைத்து, கேமரா திருத்தாத ரா ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் இதற்கு நேர்மாறு. வெள்ளை மணலும் நுரையும் இருந்தால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும்; ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். கரை எல்லா இடத்திலும் வெள்ளையும் கிடையாது. கார்னெட், இல்மனைட் தாதுக்கள் அலை ஒதுக்கிய இடங்களில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையாகப் படிந்திருக்கும். அலை பின்வாங்கும்போது அந்தப் பட்டைகள் போடும் கோலம் தனியாகவே ஒரு தொடருக்குப் போதும். இந்தத் தாதுமணலை அள்ளுவதற்கு 2013-இல் மாநில அரசு தடை போட்டது. அதைச் சுற்றி ஊர்களுக்குள் பழைய காயங்கள் உண்டு. மணலைக் குனிந்து படமெடுக்கிற அந்நியரை யாராவது விசாரித்தால் கோபப்படாதீர்கள், காரணம் இருக்கிறது.

மணலிலிருந்தும் உப்பிலிருந்தும் கேமராவை எப்படிக் காப்பது?

மேல்காத்து நாளில் வெளியே லென்ஸ் மாற்றவே கூடாது. ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். கேமராவைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, லென்ஸ் வாயில் மட்டும் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். முன்னால் ஒரு சாதாரண கண்ணாடி ஃபில்டர். தேரி மணல் ரொம்பப் பொடி. துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதி, அப்புறம் பிரஷ், கடைசியில்தான் துணி.

கடற்கரையிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடம்பைத் துடைத்து, உலர் துணியால் இன்னொரு முறை துடையுங்கள். உப்பு காய்ந்த பிறகு துடைத்துப் பயனில்லை. ட்ரைபாட் கால்களின் மூட்டுகளைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஏசி காரிலிருந்து நேராகக் கரையில் இறங்கினால் லென்ஸ் வியர்த்துவிடும், பைக்குள்ளேயே கால் மணி நேரம் வைத்திருந்து எடுங்கள்.

வண்டியில் தேரிக்குள் போகிறவர்களுக்கு: உடைமுள் டயரைத் துளைக்கும். தேரியில் பெரும்பகுதி வனத்துறை நிலம், அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போவது முறை. தண்ணீர் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு.

ஊருக்குள் யாரிடம் அனுமதி கேட்பது?

கரையூர்களில் ஊர்க் கமிட்டி உண்டு. பங்குத்தந்தைக்கும் ஊரில் பெரிய மரியாதை. இரண்டு பேரில் ஒருவரைப் பார்த்து, யார், எதற்கு எடுக்கிறோம், எங்கே போடுவோம் என்று சொல்லிவிட்டால் பாதிக் கதவு திறந்துவிடும். தேரிப் பக்கத்து ஊர்களில் கோயில் தர்மகர்த்தா, நாட்டாண்மை, அல்லது டீக்கடை. டீக்கடையைக் குறைவாக நினைக்காதீர்கள். அங்கே உட்கார்ந்து ஒரு டீயும் முறுக்கும் சாப்பிட்டு, "அண்ணாச்சி, இங்கன விடிலி எங்க இருக்கு?" என்று பதநீர் காய்ச்சும் குடிசையைக் கேட்டால் கூடவே ஒருவர் கிளம்பி வருவார். வயதான அம்மாமாரை "ஆச்சி" என்று கூப்பிடுங்கள், முதியவரைத் "தாத்தா" என்றோ "பாட்டையா" என்றோ. "சார், மேடம்" என்று ஆரம்பித்தால் உங்களை அதிகாரியாக்கிவிடுவார்கள், பேச்சு நின்றுவிடும்.

ஊர் அனுமதி வேறு, ஆள் அனுமதி வேறு. கமிட்டி சரி என்றதால் ஒரு ஆச்சி சரி என்றதாக ஆகாது. கேமராவைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி முகத்தைப் பாருங்கள். தலையைத் திருப்பினால் அது பதில். சிரித்துக்கொண்டே "எதுக்குப்பா இந்தக் கிழவிய" என்று சொன்னால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. உட்கார்ந்து பேசினால்தான் எது என்று தெரியும்.

முதல் நாள் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு சுற்றிப் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். கேட்பவர்கள் குறைவு. கேட்டவர்களின் படம் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

பனையேறுகிறவர்களைப் படமெடுக்க என்ன தெரிந்திருக்க வேண்டும்?

அவர்கள் பொழுது விடியுமுன் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள், மாலையில் மறுபடி. பாளையைச் சீவிவிடுவது ஒழுங்காக நடக்காவிட்டால் மரம் வற்றிவிடும், அதனால் உங்களுக்காக நேரத்தை மாற்ற முடியாது. அவர்கள் கருவிகள் இவை: மார்பட்டை, காலில் மாட்டுகிற தளைநார், முருக்குத்தடி, இடுப்பில் அரிவாள் பெட்டி, அதற்குள் பாளை அரிவாள். முதலில் இவற்றைத் தரையில் வைத்தே எடுங்கள், ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கருவிகளைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஏறும்போது கூப்பிடக் கூடாது. "இங்க பாருங்க" என்ற ஒரு குரலுக்குத் திரும்பினால் பிடி தவறலாம். விழுந்தவர்களின் வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. மரத்துக்கு நேர் கீழே நிற்காதீர்கள், அரிவாளோ கலயமோ வரலாம். கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் வெள்ளை வானமும் ஒரு கறுப்பு உருவமும்தான் கிடைக்கும். தேரியின் சௌகரியமே அங்கேதான்: பக்கத்து மணல்மேட்டில் ஏறி நின்றால் ஆளின் உயரத்துக்குப் பாதி வந்துவிடலாம். பின்னால் வானத்துக்குப் பதிலாகச் செம்மணலும் மற்றப் பனைகளும் வரும். ஷட்டர் வேகம் 500-இல் ஒரு பங்கு நொடியைவிட மெதுவாக வேண்டாம், காற்றில் மரமே ஆடும்.

இறக்கிய பதநீர் விடிலிக்குப் போகும். ஓலை வேய்ந்த சிறு குடிசை, உள்ளே அடுப்பு, காய்ச்சுகிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். ஓலை இடுக்குகள் வழியாக விழுகிற வெளிச்சக் கம்பிகளில் புகை சுழலும். படமெடுக்கிறவர் யாருக்கும் கை பரபரக்கும் இடம் அது. கொஞ்சம் பொறுங்கள். மணிக்கணக்காகக் கொதித்துப் பாகு ஆகும்வரை பேச நேரம் இருக்கும். பதம் வந்த பிறகு அவருக்கு யாரையும் பார்க்க நேரம் கிடையாது. இறக்கி, கிண்டி, சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். தாமதித்தால் பாழ். அந்தச் சில நிமிடம் வாசலை மறிக்காமல் ஒரு மூலையில் நின்றுகொள்ளுங்கள். முக்கியமான படம் அந்தச் சில நிமிடத்தில்தான் இருக்கிறது. ஃப்ளாஷ் போட்டால் புகை வெள்ளைச் சுவராகிவிடும்.

படத்துக்குக் கீழே எழுதுவதில் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள். தெரியாமல் "கள் இறக்கும் தொழிலாளி" என்று எழுதிப் போட்டால் அவர் வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்கலாம். சில பனையேறிகள் கேமராவைக் கண்டதும் முகம் சுளிப்பது இதனால்தான்.

படகில் கூட வரலாமா?

அழைத்தால் போங்கள், கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். ஒரு ஆள் கூடினால் வலைக்கும் மீனுக்கும் இடம் குறையும். உயிர்காப்புச் சட்டை கட்டாயம். அலை உடைகிற இடத்தைத் தாண்டும் வரை கேமராவைத் தொடாதீர்கள், இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். கரையிலேயே வேலை ஏராளம்: வள்ளம் ஏற்றுவது, ஏலம், கருவாடு காயப் போடுவது, கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளில் அலை மோதுவது. செருப்புக் காலோடு வலையை மிதிக்காதீர்கள். ஏலம் நடக்கும்போது நடுவில் புகாதீர்கள், அது அன்றைய கூலி.

பெண்களையும் குழந்தைகளையும் எடுக்கலாமா?

பெற்றவர் கண்முன்னே, அவர் சரி சொன்ன பிறகு மட்டும் குழந்தையை எடுங்கள். குளிக்கிற இடம், தண்ணீர் பிடிக்கிற குழாயடி, வீட்டு முற்றத்துக்கு உள்ளே என்றால் கேமரா கீழே. கடற்கரையில் மீன் வாங்கி விற்கிற பெண்கள் வேலையில் கெட்டிக்காரர்கள், பேச்சிலும்தான். அவர்களோடு வியாபாரத்தைப் பற்றிப் பேசிவிட்டு எடுத்தால் நிமிர்ந்து நிற்பார்கள், அந்த நிமிர்வுதான் படம்.

காசு கொடுக்க வேண்டுமா?

நின்றதற்குக் காசு கொடுக்காதீர்கள். வேலையைக் கெடுத்திருந்தால் அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள், அது நியாயம். கருப்பட்டியும் கருவாடும் விலை பேசாமல் வாங்குங்கள். படத்தை விற்கப் போகிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லி, தமிழில் எழுதிய ஒப்புதல் தாளை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கிடைப்பதில் பங்கும் கொடுங்கள். சட்டப்படி படத்தின் உரிமை எடுத்தவருக்கு. எடுக்கப்பட்டவருக்கு முகம் மட்டும்தான் மிச்சம் என்கிற நிலைமை எனக்கு உடன்பாடில்லை.

குலசை தசராவையும் கோயில் கொடைகளையும் (ஊர்க் கோயில் திருவிழாக்களையும்) பற்றி?

குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வருகிற கேமராக்கள் எண்ணிலடங்கா. பத்தாம் நாள் இரவு கடற்கரையில் நடக்கிற மகிஷாசுர சம்ஹாரத்துக்கு எல்லோரும் குவிவார்கள். முண்டியடித்து எடுக்கிற படம் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்கும். அதற்கு முந்தைய நாட்களில் ஊர்ஊராகப் போங்கள். மாலை போட்டு விரதம் இருக்கிறவர்கள், தசராக் குழுவின் ஓலைக் குடில், காளி வேடத்துக்குச் சாயம் பூசுகிற கை, குறவன், குரங்கு, ராஜா என்று வேடம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை வாங்கப் போகிறவர்கள். வேடம் கட்டியவர் அந்த நேரத்தில் சாமி. காளி வேடக்காரரை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். "அண்ணே, நாக்க நீட்டுங்க" என்று கேட்கிற கேமராக்காரரைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். விரதக்காரர் வேண்டுதலோடு நிற்கிறார், உங்களுக்காக நடிக்கவில்லை.

தேரியில் கற்குவேல் அய்யனார் கோயிலில் நடக்கும் கள்ளர் வெட்டு என்ற சடங்கும் அப்படித்தான். வெட்டு முடிந்ததும் மக்கள் அந்த இடத்து மணலை அள்ளிக்கொண்டு போவார்கள். அந்த நெரிசலில் ட்ரைபாட் விரிப்பது ஆபத்து. சுடலைமாடன், அம்மன் கொடைகளில் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சாமக்கொடை என்று இரவு முழுக்கப் போகும். சாமியாடுகிறவர் முகத்தில் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 6400-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள், படத்தில் புள்ளி தெரிந்தால் தெரியட்டும். சில கோயில்களில் சில சடங்குக்குப் படமே கூடாது என்பார்கள். கூடாது என்றால் கூடாது.

பறவைகளும் ஊரும் சேர்ந்த படம் வேண்டும் என்றால்?

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம். 1994-இல் சரணாலயமானது. மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்து மரங்களில் மட்டுமின்றி வீட்டு முற்றத்து மரத்திலும் கூடு கட்டும். எச்சம் விழுந்து வாசல் நாறினாலும் ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. தீபாவளிக்கு வெடி போடுவதையும் தவிர்க்கிறார்கள். பறவைப் படம் எடுக்கிறவர்கள் பெரிய லென்ஸால் பறவையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கீழே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியையும் சேர்த்து எடுங்கள், அந்த ஊரின் கதை அவரையும் சேர்த்ததுதான்.

எதையெல்லாம் எடுக்கக் கூடாது? ட்ரோன் விடலாமா?

கூடங்குளம் அணுமின் நிலையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், குலசேகரப்பட்டினத்தில் எழும்பிவரும் ராக்கெட் ஏவுதளம். இவற்றின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். இடிந்தகரைக் கரையில் நின்றால் நிலையத்தின் கும்மட்டங்கள் தெரியும், ஆசைப்படாதீர்கள். அந்த ஊர் 2011, 2012-இல் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு வழக்குகளோடு வாழ்ந்த ஊர். அந்நியர் கேள்விகளுக்கு அவர்கள் அளந்துதான் பதில் சொல்வார்கள்.

ட்ரோன் என்றால் 2021 ட்ரோன் விதிகளின்படி அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறம் என்று பாருங்கள். சிவப்பு என்றால் மத்திய அரசு அனுமதி வேண்டும். என் யோசனை: விட்டுவிடுங்கள். மேலிருந்து எடுத்த தேரிப் படங்கள் போதுமான அளவு இருக்கின்றன, விடிலிக்குள் எடுத்தவை மிகக் குறைவு.

கறுப்பு வெள்ளையில் முதியவர் முகச் சுருக்கங்களை எடுப்பது நன்றாக இருக்காதா?

அந்தப் படம் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் இருக்கிறது. சுருக்கம் எல்லா ஊர் முதியவருக்கும் உண்டு. இந்த ஊர் முதியவருக்கு மட்டும் உரியது என்ன? தளைநார் தழும்பேறிய கால், வலை பின்னும் விரல், ஜெபமாலை தொங்குகிற கதவு, பைபர் வள்ளத்தில் பேரன் எழுதிவைத்த பெயர். அதை எடுங்கள். கஷ்டம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். கூடவே புது வீடு, கல்லூரிக்குப் பஸ் ஏறுகிற பெண், வளைகுடா நாட்டிலிருந்து வீடியோ அழைப்பில் பேசுகிற மகன், கப்பலும் விமானமும் வடிவாகக் கட்டிய உவரிக் கப்பல் மாதா கோயில், இவையும் இந்தக் கரைதான். பிளாஸ்டிக் குடத்தை ஒதுக்கிவிட்டு மண்பானையை வைத்து எடுக்கிற படம் பொய்.

எடுத்த படத்தை என்ன செய்வது?

முதலில் ஊருக்கு. அச்சுப் போட்டு, அவர்கள் கையில். வாட்ஸப்பில் அனுப்புவதும் நல்லது, ஆனால் போன் மாறினால் படம் போய்விடும். மணப்பாட்டிலோ உடன்குடியிலோ எந்த வீட்டுக்குள் போனாலும் சுவரில் கல்யாணப் படம், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைப் படம், இறந்தவர் படம் வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் நீங்கள் எடுத்ததும் ஒன்று சேர்ந்தால் அதைவிடப் பெரிய கண்காட்சி எனக்குத் தெரியாது.

இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாதபோது, கன்னியாகுமரிக் கரையில் குடும்பங்கள் கையில் பிடித்துக்கொண்டு நின்றது அவர்களின் புகைப்படங்களைத்தான். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணி கரை புரண்டது. தண்ணீர் புகுந்த வீடுகளில் ஆல்பங்கள் ஊறி ஒட்டிப்போயின. நீங்கள் எடுத்த படத்தின் மூலப் பிரதி உங்களிடம் பத்திரமாக இருந்தால், ஒரு வீட்டுக்கு அது எந்த நாளில் தேவைப்படும் என்று சொல்ல முடியாது. இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

பெயர்களை எழுதுவது அதைவிட முக்கியம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிச் சேர்த்து மின்வடிவமாக்கியிருக்கிறது. பழைய படங்களில் அடிக்கடி இல்லாமல் போவது இதுதான்: நிற்கிறவர் யார், எந்த ஊர், எந்த வருடம். ஆகையால் அன்றன்று இரவே எழுதிவிடுங்கள். அவர் சொன்னபடியே பெயர், ஊர், அவர் செய்கிற வேலை, தமிழ் மாதம், அன்றைக்கு அடித்த காற்று. ஃபைலுக்குள் ஒரு தரம், அச்சுப் படத்தின் பின்னால் பென்சிலால் ஒரு தரம். பேனா மை ஊறி மறுபக்கம் தெரியும், பென்சில் தெரியாது. பெயரை வெளியே போட வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் படம் உங்கள் பெட்டியிலும் அவர்கள் வீட்டிலும் மட்டும் இருக்கட்டும்.